காணாமல் போன அரைமணி: பினாங்குக் காதல் படத்துக்குத் திரைக்கதை உதவி வேணும்

பிறை_பையன்
வணக்கம் எல்லாருக்கும். 90 நிமிடத் தமிழ்ப் படம், 12 நாள் படப்பிடிப்பு, முழுக்கப் பினாங்கு. மூன்றாவது வரைவில் நிற்கிறது. சுருக்கம் இது:

தர்ஷினி, வயது 27. ஜார்ஜ்டவுனில் ஒரு வங்கியில் காசோலைக் கையொப்பம் சரிபார்க்கிற வேலை. சேகரன், வயது 26. லெபோ பசார் தெருப் பக்கம் ஒரு கடிகாரக் கடையில் பழுது பார்க்கிறான். அவன் கைக்கடிகாரம் எப்போதும் அரைமணி பின்னால் ஓடும். கேட்டால் "இது எங்க நேரம்" என்பான். காதல் முற்றிய பிறகு சொல்கிறான்: 1981 டிசம்பர் 31 ராத்திரி பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினேன், தீவில் இறங்கினால் 2024 பிறந்திருந்தது. ஜெட்டியில் காத்திருந்த 14 வயதுத் தங்கச்சியிடம் திரும்பிப் போகணும். இன்னொரு டிசம்பர் 31-இல் அதே கடலில் வழி திறக்கும். நீயும் வா.

நிஜமா புளுகா என்பது கடைசிவரை தொங்கலில் இருக்கணும். அந்த ராத்திரி இங்கே எல்லாக் கடிகாரத்தையும் அரைமணி முன்னால் தள்ளினார்கள் என்ற தகவல் சரியா, சந்தேகத்தை எப்படி ஒன்றரை மணி நேரம் காப்பாற்றுவது, 1981-ஐக் கைக்கு அடக்கமான செலவில் எப்படி எடுப்பது, முடிவில் காட்டணுமா மறைக்கணுமா: இந்த நாலும்தான் என் கேள்வி.

சந்தேகப்பிராணி
முதல் அடியிலேயே இடறுதே ப்ரோ. 12 மணியை 12:30 ஆக்கினாங்கன்னுதானே சொல்வாங்க? அப்படின்னா தொலைஞ்சது 1982-ஓட முதல் அரைமணி. உங்க கதவு தப்பான பக்கம் திறக்குது.

நாள்காட்டி
கதவு சரியான பக்கம்தான் இருக்கிறது. தீபகற்ப மலேசியா அதுவரை கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. சபா, சரவாக் எட்டு மணி முன்னால். இரண்டையும் ஒன்றாக்க, 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் முள்ளை நேராக 12-க்குத் தள்ளினார்கள். சிங்கப்பூரும் கூடவே மாறியது. அந்த ஆண்டின் கடைசி அரைமணி இங்கே எந்தக் கடிகாரத்திலும் ஓடவில்லை.

ஃபெரிக் கணக்கைப் பாருங்கள். கடலைக் கடக்க 15 முதல் 20 நிமிடம். 11:20-க்குப் புறப்பட்டால் பத்து நிமிடம் 1981-இல், மிச்சப் பத்து நிமிடம் 1982-இல். இறங்கும்போது கரைக் கடிகாரம் 12:10, முள்ளைத் தள்ளாதவன் கையில் 11:40. இன்னொரு வசதியும் உண்டு: பழைய 11:30 என்பது இன்றைய நள்ளிரவு 12. அதாவது 2024 டிசம்பர் 31-இல் புத்தாண்டு வாணவேடிக்கை வெடிக்கிற நொடியில் சேகரன் கையில் 11:30. படகு அப்போது நடுக்கடலில் இருந்தாக வேண்டும். வசனமே வேண்டாம், வெளிச்சமும் முள்ளும் போதும்.

மேலும் சில: அந்த இரவு வியாழன். முழு நிலாவைப் போட்டு விடாதீர்கள். 1982 ஜனவரி 9-இல்தான் பௌர்ணமி, அதுவும் முழுச் சந்திர கிரகணத்தோடு. 31-ஆம் தேதி ஐந்தாறு நாள் வளர்பிறை, நள்ளிரவுக்கு முன்பே மேற்கில் இறங்கியிருக்கும். 2024 டிசம்பர் 31 அமாவாசையை ஒட்டிய இரவு. ஆக இரண்டு இரவிலும் நடுக்கடல் கும்மிருட்டு. ஒளிப்பதிவாளர் நன்றி சொல்வார். மறுநாள் காலை, ஏழு மணிக்கு முன்பே விடிந்துகொண்டிருந்த ஊரில் கடிகாரப்படி ஏழே கால் தாண்டித்தான் சூரியன் வந்தது. பாட்டி பாத்திரம் இருந்தால் அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரத்துக்கு எழுந்தவர்.

வெட்டு_ஒட்டு
இரண்டாவது கேள்விக்கு என் பதில். தடயங்களை ஒவ்வொன்றாக அட்டையில் எழுதுங்க. ஒவ்வொரு அட்டையிலும் மூன்று கட்டம்: அவன் சொல்வது உண்மை என்றால் இதற்கு விளக்கம் என்ன, அவன் பொய் சொல்கிறான் என்றால் என்ன, அவன் பொய் சொல்லவில்லை, ஆனால் நடக்காததை நடந்ததாக நம்புகிறான் என்றால் என்ன. மூன்றாவது கட்டம் இல்லாவிட்டால் இது மோசடிக்காரன் கதை ஆகிவிடும். "என்னை ஏமாத்துறானா" என்பது மட்டும் கேள்வி என்றால் காதலுக்கு அங்கே வேலை இல்லை. "இவனுக்கு உடம்பு சரியில்லையோ, விட்டுட்டுப் போகலாமா" என்ற கேள்வி வந்தால்தான் அவள் நெஞ்சு கிடந்து அடிக்கும்.

ஒரு அட்டையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இத்தகைய கதைகள் பெரும்பாலும் இடைவேளைக்குப் பக்கத்தில் சாகின்றன. எழுதுகிறவருக்கு ஒரு திடுக்கிடல் வேணும். பொய் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு தடயம் வைப்பார். அதற்குப் பிறகு ரசிகன் எதற்கு யோசிக்கணும்? அவன் பதிலை வாங்கிக்கொண்டு பாப்கார்ன் சாப்பிடப் போயிடுவான்.

எண்ணிக்கையும் முக்கியம். 90 நிமிடத்துக்கு ஏழு அல்லது எட்டு தடயம். அதற்கு மேல் போனால் துப்பறியும் படம்.

கடைசியாக, கேமரா தர்ஷினியை விட்டு நகரவே கூடாது. சேகரன் தனியாக இருக்கிற ஒரு காட்சிகூட வேண்டாம். தனியாக இருக்கும்போதும் கடிகாரத்தை அரைமணி பின்னால் வைக்கிறான் என்று காட்டினால் பொய் என்ற கட்டம் போச்சு. சிரிக்கிறான் என்று காட்டினால் மற்ற இரண்டும் போச்சு.

பிறை_பையன்
அப்போ கடையில் அவன் தனியாக ராத்திரி உட்கார்ந்திருக்கிற அந்த நீளக் காட்சியை எடுத்துடறேன். மனசுக்குக் கஷ்டம்தான்.

சந்தேகப்பிராணி
எனக்கு மூணு ஓட்டை தெரியுது.

ஒண்ணு, அவன் 1981-க்குத் திரும்பிப் போயிட்டான்னா வரலாற்றில் ஏற்கெனவே போயிருக்கணும். 1955-ல பிறந்தவன், அப்படியே வாழ்ந்திருந்தா இப்போ 69 வயசுல ஒரு சேகரன் எங்கேயாவது இருக்கணுமே? தர்ஷினி தேடினா தெரிஞ்சுடும்.

ரெண்டு, தங்கச்சி. அவளுக்கு இப்போ 57 வயசு. போய்க் கேட்டா ஆச்சு.

மூணு, ஐசி, அதான் அடையாள அட்டை. இந்த நாட்டுல ஐசி இல்லாம ஒரு வருஷம் எப்படி இருந்தான்?

நாள்காட்டி
முதல் ஓட்டை ஓட்டையே இல்லை, அதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. முன்னோக்கிப் போவதற்கு இயற்பியலில் தடை இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடுகிறது. அதைச் சரி செய்துதான் உங்கள் கைபேசி வழி காட்டுகிறது. சிக்கல் பின்னோக்கிப் போவதில்தான். அங்கே ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: நடந்தது மாறாது. அவன் திரும்பிப் போவான் என்றால், போனதன் விளைவு இன்றே ஊரில் எங்கோ இருக்கும். தேடினால் 69 வயதுச் சேகரன் கிடைக்கவில்லை. அப்படியென்றால் அவன் போகவில்லை, அல்லது போய் இறந்துவிட்டான், அல்லது போக இடமே இல்லை. மூன்று கட்டமும் நிரம்பிவிட்டது பாருங்கள். அவனை நம்புவதே அவளுக்குப் பயம் தருகிறது. நம்பினால், அவன் அங்கே நீண்ட காலம் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பதையும் நம்பியாக வேண்டும்.

சந்தேகப்பிராணி
இது நல்லா இருக்கு. தங்கச்சியை என்ன பண்றது?

நாள்காட்டி
1981-க்குப் பிறகு குடும்பம் எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டது என்று விட்டுவிடுங்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு, வீட்டுத் திட்டங்கள் வந்து, வரிசை வீட்டுக் குடும்பங்கள் சிதறிய காலம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா
மூணாவது ஓட்டையை யாரும் அடைக்கலையே தம்பிகளா. அதைத்தான் நான் திறந்தே வைக்கச் சொல்வேன்.

நம்ம ஊர்ல பிறப்புப் பத்திரம் இல்லாம, ஐசி இல்லாம வளர்ந்த தமிழ்ப் பிள்ளைங்க எத்தனை பேர். தோட்டத்துல வீட்டுல பிறந்து, பதியாம விட்டு, அப்பா அம்மா கல்யாணம் பதிவாகாம, அப்புறம் தேசியப் பதிவு இலாகா, ஜேபிஎன் வாசல்ல நடையா நடக்கிறவங்க. பள்ளிக்கூடம் சிக்கல், வங்கிக் கணக்கு சிக்கல், கல்யாணப் பதிவு சிக்கல். அப்படி ஒரு பையன், வங்கியில வேலை பார்க்கிற பொண்ணு முன்னாடி நின்னு "எனக்கு ஐசி இல்லை"ன்னு சொல்ல வெட்கப்பட்டு, "நான் 1981-லிருந்து வந்தவன்"னு சொல்றான்னு வைங்க. பொய்ங்கிற கட்டத்துக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? காசுக்காகப் பொய் சொன்னா அவனை வெறுத்துட்டுப் போயிடலாம். இதை எப்படி வெறுக்கிறது?

இன்னொண்ணு. வரைவுல தர்ஷினி அவனுக்குத் தெரியாம அவன் கையெழுத்தை வங்கிக்கு எடுத்துட்டுப் போய்ச் சரிபார்க்கிறா, அது தெரிஞ்சு அவன் கோவிச்சுக்கிறான், அவ மன்னிப்புக் கேட்கிறான்னு வருமோ? வருதுன்னா தூக்கிப் போடுங்க. ஊர் பேர் தெரியாத ஆளை ஒரு பொண்ணு விசாரிக்கிறது தப்பே இல்லை. நம்பலைன்னு அவளைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்தாதீங்க. அவன் முன்னாடியே, மேசை மேல வச்சு, "எழுது, பார்க்கிறேன்"னு சொல்லட்டும். அவன் எழுதுறான் பாருங்க, அங்கே அவன் அவளை நம்புறான்.

பிறை_பையன்
அக்கா, நீங்க சொன்ன அந்த மன்னிப்புக் காட்சி 61-ஆம் பக்கத்தில் இருக்கு. இருந்தது.

செக்குப்புத்தகம்
கையொப்பக் காட்சிக்கு வேலை நுணுக்கம் வேணும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கிறவர் எழுத்தைப் படிக்க மாட்டார், கோட்டைப் பார்ப்பார். எங்கே பேனா தாளைத் தொட்டது, எங்கே தூக்கியது, எந்த வளைவில் அழுத்தம் கூடியது, கடைசிக் கோடு இழுபட்டு மெலிந்ததா அல்லது வெட்டினாற்போல் நின்றதா. நகல் எடுப்பவன் மெதுவாக எழுதுவான். கோடு நடுங்கும், முனை மொட்டையாக நிற்கும், நடுவில் தேவையில்லாமல் பேனா தூக்கியிருப்பான். ஒரே ஒரு மாதிரியோடு ஒப்பிடக் கூடாது. குறைந்தது ஐந்தாறு மாதிரி வேண்டும், ஏனென்றால் ஒரே மனிதர் இரண்டு முறை ஒரே மாதிரிக் கையெழுத்துப் போட மாட்டார். மேலே மேலே வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் முழுக்கப் பொருந்துகிறது என்றால் அது பார்த்து வரைந்தது.

படத்தில்: 1981 தேதியிட்டு சேகரன் தங்கைக்கு எழுதிய கடிதம் ஒன்று அவனிடம் இருக்கிறது. தர்ஷினி அவனை ஆறு முறை கையெழுத்துப் போடச் சொல்கிறாள். ஆறும் ஆறு விதம்; கடிதத்தில் உள்ளது ஏழாவது விதம்; கை ஒன்றுதான். வேலை தெரிந்தவளுக்கு இது "அவனே எழுதியது" என்று மட்டும் சொல்லும். எப்போது எழுதினான் என்று சொல்லாது. பழைய நோட்டுப் புத்தகத்தின் வெற்றுத் தாள் பழைய சாமான் கடையில் கிடைக்கும். பந்துமுனைப் பேனா மையின் வயதைக் கரைப்பான் ஆவியாகிற அளவை வைத்து ஆய்வுக்கூடத்தில் மதிப்பிடலாம். வங்கி மேசையில் முடியாது. கட்டம் மூன்றும் பத்திரம்.

வெட்டு_ஒட்டு
கடிதம் என்றதும் ஒன்று. 1960-களில் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் லை, னை, ணை, ளை எழுதும்போது துதிக்கை போட்டுத்தான் எழுதுவான். றா, னா, ணா சுழித்து எழுதுவான். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-இல்தான். நடிகர் இன்றைய எழுத்தில் எழுதிவிட்டால், திரையில் கடிதம் பெரிதாக வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். எழுத்தை அவருக்கு முன்கூட்டியே பழக்குங்க, ஒரு வாரமாவது. பாட்டியிடம் எழுதக் கற்றவனும் அப்படித்தான் எழுதுவான் என்பதால் தடயமாகவும் செல்லும்.

ஆணிப்பெட்டி
கலைப் பிரிவு பேசுது. 1981 பினாங்கை நீங்க வெளியே போய் எடுக்கவே முடியாது, முதல்ல அதை ஏத்துக்கங்க.

ஃபெரி: அந்தப் பழைய இரண்டடுக்குப் படகுகள் 2020 கடைசியோட பயணிகள் சேவையிலிருந்து போயிடுச்சு. 2023 ஆகஸ்ட்ல வந்த புதுசுல காடி (கார்) ஏறாது. ஆளும் இரண்டு சக்கர வண்டியும்தான். தோற்றமே வேற. 1981-ல பாலம் கிடையாது, அதனால அக்கரைக்குப் போகிற காடி, லோரி எல்லாம் படகுலதான். புதுப் படகைப் பழசுன்னு ஏமாத்த முடியாது.

கடல் பின்னணி: தெற்கே பார்த்தா பாலம் வரிசையா விளக்கு எரியும். அது திறந்தது 1985. தீவுப் பக்கம் திரும்பினா கொம்தார் அடுக்குமாடிக் கோபுரம், 1981-ல கட்டி முடியலை.

தெரு: 2012-க்குப் பிறகு வந்த சுவரோவியங்கள், தெருக் கதை சொல்ற இரும்புக்கம்பிச் சித்திரங்கள், ஏர்கான் பெட்டி, ஆஸ்ட்ரோ டிவி டிஷ். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணு உள்ளே வரும். காடியில புரோட்டோன் சாகாவே 1985-லதான், பழசா இருக்கேன்னு அதை நிறுத்திடாதீங்க. எல்லாரும் செய்ற தப்பு இது.

கைச்சாமான்: நாணயம் நாடாளுமன்றக் கட்டடமும் பிறை நட்சத்திரமும் போட்டதா இருக்கணும், காத்தாடி, பம்பரம், சோங்காக் (பல்லாங்குழி மாதிரி) போட்டதெல்லாம் 1989. நோட்டு 1967-ல வந்த முதல் வரிசை. இரண்டாம் வரிசை 1982-லிருந்து. ஐசியில 12 இலக்க எண் வேண்டாம், அது 1990-ல வந்தது; பழசு ஏழு இலக்கம். அவன் பணப்பையைத் தர்ஷினி மேசையில கொட்டற காட்சி வச்சா ஒவ்வொரு காசையும் ரசிகன் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான்.

படகுத் தளத்தை ஒரு கிடங்குல போடலாம். ஆறு மீட்டர் கைப்பிடிக் கம்பி, இரண்டு நீள மரப் பெஞ்சு, ஒரு உயிர்காப்புப் பெட்டி, பின்னால கறுப்புத் துணி. தூரத்துக் கரை விளக்குக்குச் சின்ன மஞ்சள் பல்பு 30, 40 ஒரு நீளக் கட்டையில கட்டி, கட்டையைத் தள்ளுவண்டியில வச்சு மெதுவா நகர்த்துங்க. தளத்தை ஆட்டாதீங்க, கேமராவை ஆட்டுங்க: ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல வேண்டாம், ஒரு ஆட்டத்துக்கு ஏழெட்டு நொடி. வேகமா ஆட்டினா சம்பான் மாதிரி சின்னப் படகு ஆகிடும்.

வெட்டு_ஒட்டு
ஆணிப்பெட்டி சொன்ன தொல்லைகளிலேயே படத்தின் நல்ல யோசனை ஒன்று ஒளிந்திருக்கிறது.

நினைவுக்காட்சி என்று ஒன்றைத் திரையில் காட்டினால் ரசிகன் அதை நடந்ததாகவே எடுத்துக்கொள்வான். அவன் சொல்லச் சொல்ல 1981-ஐத் தத்ரூபமாகக் காட்டினீர்கள் என்றால் பொய் என்ற கட்டம் செத்தது. அதனால் அந்தக் காட்சிகள் சேகரனின் நினைவாக வேண்டாம். அவன் சொல்வதைக் கேட்டு தர்ஷினி மனசுக்குள் போடுகிற படமாக இருக்கட்டும். அவள் 1997-இல் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த கடலில் பாலம் உண்டு. முதல் தடவை அவன் சொல்லும்போது திரையில் பாலம் ஜம்மென்று எரியட்டும், கரையில் சாகா ஒன்று நிற்கட்டும், தங்கச்சி கையில் இன்றைய ஐம்பது காசு இருக்கட்டும். அவன் குறுக்கிடுவான்: "பாலமா? அப்ப ஏதுங்க பாலம்?" அடுத்த ஷாட்டில் அதே கடல், பாலம் அணைந்துவிட்டது. மூன்றாவது தடவை கொம்தார் பாதியாகிறது.

செலவும் குறையும், நம்பிக்கை வளர்வதும் கண்ணுக்குத் தெரியும். அவள் மனசிலுள்ள 1981 சுத்தமாக ஆக ஆக அவள் அவனை நம்புகிறாள் என்று அர்த்தம். வாயால் "நம்புறேன்" என்று சொல்லவே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: முதல் தடவைப் பாலத்தைப் பார்த்து "டைரக்டருக்கு வரலாறு தெரியலை" என்று திரையரங்கில் சிரிப்பார்கள். அவன் குறுக்கீடு 40 நொடிக்குள் வந்தாகணும். தாமதித்தால் சிரித்தவர்களை மீட்க முடியாது.

ஆணிப்பெட்டி
அடேங்கப்பா. எனக்கு வேலையே மிச்சம். சாகா ஒண்ணு இரவல் வாங்கிட்டா போதும்.

சந்தேகப்பிராணி
கேஎல்-ல எடுத்தா என்ன? சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக் கடிகாரக் கோபுரம் இருக்கே, 1897-லிருந்து அடிச்சுக்கிட்டிருக்கு.

நாள்காட்டி
கடல் இல்லாமல் இந்தக் கதை நிற்காது. கடிகாரம் வேண்டும் என்றால் பினாங்கிலேயே, ஜெட்டியிலிருந்து நடக்கிற தூரத்தில், விக்டோரியா நினைவுக் கடிகாரக் கோபுரம் இருக்கிறது. 60 ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓரடி என்று 60 அடி. போர்க்காலக் குண்டுவீச்சில் லேசாகச் சாய்ந்தது, இன்றும் சாய்ந்தே நிற்கிறது. அவர்கள் சந்திக்கிற இடமாக வையுங்கள்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்
கோபுரத்தைச் சட்டகத்துக்குள் விட்டால் ஒவ்வொரு டேக்கிலும் அது உண்மை நேரத்தைக் காட்டிக் கொடுக்கும். இரண்டு நிமிட உரையாடலை மூன்று மணி நேரம் எடுப்பீர்கள். வெட்டி ஒட்டினால் முள் தாவும். காலப்பயணப் படத்தில் அதைத் தவறு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், தடயம் என்று நினைப்பார்கள். அது இன்னும் மோசம். கடிகார முகம் தெரியாத கீழ்ப்பகுதியை மட்டும் பிடியுங்கள். முகத்தைத் தனியாக ஒரே ஷாட்.

கைக்கடிகாரமும் அப்படியே. காட்சிப் பட்டியலில் இரண்டு பத்தி போடுங்கள்: ஊர் நேரம், சேகரன் நேரம். பழைய கைச்சாவிக் கடிகாரம் பலவற்றில் திருகை இழுத்தாலும் நொடிமுள் நிற்காது. அதனால் அதே முகம் கொண்ட இரட்டை ஒன்று, உள்ளே குவார்ட்ஸ் இயந்திரம் போட்டு, பேட்டரியைக் கழற்றி நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் காட்சி இடம் மாறும் என்பதால் நேரம் படிக்கத் தெரிகிற ஷாட் மொத்தப் படத்தில் ஆறேழுக்கு மேல் வேண்டாம். மற்றபடி மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் அப்படிக் கட்டுகிறவர்களும் இருந்தார்கள்.

விளக்கு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 பிரேமில் 180 டிகிரி ஷட்டர் வைத்தால் குழல்விளக்கு துடிக்கும். 172.8 டிகிரி வைத்தால் ஒவ்வொரு பிரேமும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்கும், துடிப்பு அடங்கும். கடையில் பழைய குண்டு டிவி ஓடுகிற காட்சியை மட்டும் 25 பிரேமில் எடுங்கள், இல்லாவிட்டால் திரையில் கறுப்புப் பட்டை உருளும். மலிவு எல்இடி விளக்கு டிம்மரில் போட்டால் எந்தக் கணக்குக்கும் அடங்காது. சோதித்துப் பார்க்காமல் எடுத்து வராதீர்கள். 1981-க்குச் செம்பழுப்பு நிறம் பூசாதீர்கள். தயவு செய்து.

காதுக்காரன்
குவார்ட்ஸ் கடிகாரம் நொடிக்கு ஒரு தட்டு. மணிக்கு 18,000 தட்டுப் பழைய இயந்திரம் நொடிக்கு ஐந்து. தர்ஷினி அவன் மணிக்கட்டைக் காதில் வைத்துக் கேட்கிற ஷாட் இருந்தால், நிஜ இயந்திரத்தைத் தனியாக, சத்தமில்லாத அறையில் பதிவு செய்யுங்கள். இரட்டையின் சத்தம் உள்ளே வந்தால் காது உள்ளவன் கண்டுபிடிப்பான்.

கடைக்குள் உரையாடல் எடுக்கும்போது சுவர்க் கடிகாரங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஓடினால் வெட்டுகிற இடத்திலெல்லாம் தாளம் உடையும். டிக்டிக் பிறகு சேர்க்கலாம்.

ஜார்ஜ்டவுன் நடுவில் எடுக்கிறீர்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பாங்கும் லெபோ குயின் மாரியம்மன் கோவில் மணியும் ஒரே காட்சிக்குள் விழும். இரண்டும் நேரம் சொல்கிற சத்தம். மாலை ஏழு மணியை ஒட்டி உரையாடல் வைக்காதீர்கள்.

பிறை_பையன்
முடிவு பற்றி யாரும் பேசலையே. இப்போதைய வரைவில் வெடி வெடிக்குது, திரை வெள்ளையாகுது, முடிஞ்சது.

சந்தேகப்பிராணி
அது ஏமாத்து வேலை. ஒன்றரை மணி நேரம் உட்கார வச்சுட்டு வெள்ளைத் திரையா? ஆமா இல்லைன்னு சொல்லுங்க. நான் காசு கொடுத்து வந்திருக்கேன்.

வெட்டு_ஒட்டு
காட்டலாமா வேண்டாமா என்பதைவிட வரிசைதான் முக்கியம். அவள் முடிவெடுப்பது முதலில், நிரூபணம் வந்தால் அதற்குப் பிறகு. நிரூபணம் முந்திவிட்டால் அவள் நம்பவில்லை, ஒப்புக்கொண்டாள், அவ்வளவுதான். முடிவெடுத்து மூன்று நிமிடம் கழித்து என்ன வேண்டுமானாலும் காட்டுங்க, எனக்கு ஆட்சேபம் இல்லை.

சந்தேகப்பிராணி
சரி, அவ என்ன முடிவெடுக்கிறா? படகுல ஏறுறது ஒரு முடிவா? ஒண்ணும் நடக்கலைன்னா வீட்டுக்கு வந்துடலாம். படகுக் கட்டணம் மட்டும்தான் செலவு.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா
தம்பி கேட்டது நியாயமான கேள்வி. இழக்க ஒண்ணும் இல்லாத நம்பிக்கைக்கு மதிப்பு இல்லை.

அவ கைப்பையில ரெண்டு காகிதம் வைங்க. ஒண்ணு, ஜேபிஎன் தாமதப் பிறப்புப் பதிவு மனு. அவன் இந்தக் காலத்துப் பையன், பத்திரம் இல்லாம தவிக்கிறவன்னு நினைச்சு அவளே ஓடி ஓடிச் சேர்த்தது. எந்தத் தோட்டம், அம்மா பேர் என்ன, எல்லாம் பூர்த்தியாகி, அவன் கையெழுத்து மட்டும் பாக்கி. இன்னொண்ணு, அவ தன்னோட அம்மாவுக்கு எழுதின கடிதம். திரும்பி வராம போனா படிக்கச் சொல்லி. மனுவை நீட்டினா "நீ சொன்னது பொய், பரவாயில்லை, நான் இருக்கேன்"னு அர்த்தம். கடிதத்தைத் தபால்ல போட்டா "நீ சொன்னது நிஜம், நானும் வரேன்"னு அர்த்தம். ரெண்டும் காதல்தான், ஆனா ஒண்ணைத்தான் செய்ய முடியும். தபால்ல போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

நாள்காட்டி
மனுவை நீட்டினால், மனநோய் என்ற கட்டமும் அதிலேயே அடங்கும். அவன் பிறந்த ஆண்டு என்ற இடத்தில் என்ன எழுதுவான்? 1955 என்று எழுதினால் பொய் சொல்லவில்லை என்று தெரியும்; நிஜமா என்று தெரியாது.

செக்குப்புத்தகம்
அந்தக் கட்டத்தை அவன் நிரப்புகிற ஷாட்டில் தர்ஷினி அவன் எழுதும் எண்ணைப் பார்க்கக் கூடாது. பேனா ஓடுகிற வேகத்தைப் பார்க்கட்டும். அவள் தொழில் அது. நடுக்கம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும், நமக்குத் தெரியாது.

சந்தேகப்பிராணி
இதுக்கு நான் காசு கொடுப்பேன். ஆனா வெள்ளைத் திரை வேண்டாம், சொல்லிட்டேன்.

பிறை_பையன்
வெள்ளைத் திரை போச்சு. அவன் பிறந்த ஆண்டை எழுதுகிறான், அதற்குப் பிறகு அவள் ஜெட்டி வாசலில் உள்ள தபால் பெட்டிக்கு நடக்கிறாள், போடுகிறாளா இல்லையா என்பது தெரியும்படி எடுக்கிறேன். அவள் முடிவு தெளிவாக இருக்கும். கடல் என்ன செய்தது என்பது மட்டும் திறந்திருக்கும். ஜெட்டி வாசலில் தபால் பெட்டி இருக்கா என்று பார்க்கணும்.

ஆணிப்பெட்டி
இல்லைன்னா நான் செஞ்சு தரேன். சிவப்பு அடிச்சா பெட்டி.

காதுக்காரன்
கடிதம் உள்ளே விழுகிற சத்தத்துக்கு நிஜத் தகரப் பெட்டி வேணும். அட்டைப்பெட்டி கட்டிவிடாதீங்க.

ஐம்பது_ஹெர்ட்ஸ்
அனுமதி வேலையை இப்போதே தொடங்குங்கள். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸின் உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரில் படப்பிடிப்புச் சான்றிதழ், தெருவுக்கும் கோபுரத்துக்கும் பினாங்கு மாநகராட்சி, படகுக்கும் ஜெட்டிக்கும் துறைமுக நிறுவனம், டிரோன் பறக்கவிட்டால் விமானப் போக்குவரத்து ஆணையம். நாலும் தனித்தனி மனு, ஒன்று மற்றொன்றுக்குக் காத்திருக்கும். நிஜப் புத்தாண்டு வாணவேடிக்கையை நம்பி நாள் குறிக்காதீர்கள். மழை வந்தால் அடுத்த டிசம்பர்தான். வாணவேடிக்கையை மட்டும் கரையிலிருந்து ஒரு ஆள் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், முகங்களில் விழும் வெளிச்சத்தைக் கிடங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறை_பையன்
கிடங்கு பட்டர்வொர்த்தில் ஒன்று பார்த்து வச்சிருக்கேன், கூரை தகரம். மழை பெய்தால் ஒலிப்பதிவு என்ன ஆகும்?

காதுக்காரன்
ஒன்றும் ஆகாது, ஏனென்றால் பதிவே இருக்காது. வேற கிடங்கு பாருங்க.